வெந்நீர் பிடே இருக்கை பொருத்துதல்: வாங்கும் முன் தண்ணீர்த் தொட்டியின் உயரத்தை அளந்துவிடுங்கள்

குன்னூரில் மார்கழி, தை மாதங்களில் குழாய்த் தண்ணீர் பட்டால் விரல்கள் மரத்துப்போகும். கை மூட்டு வலியால் ஹெல்த் ஃபாசெட்டின் விசையை அழுத்த முடியாமற்போன என் அம்மாவுக்காகச் சென்ற ஆண்டு எங்கள் வீட்டு வெஸ்டர்ன் கமோடில், மின்சாரத்தால் சூடாக்கிய தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடும் பிடே இருக்கை ஒன்றைப் பொருத்தினேன். பொருத்தும் வேலை அரை நாளில் முடிந்துவிட்டது. ஆனால் அதிலிருந்து தண்ணீர் ஒழுங்காக வருவதற்கு மூன்று வாரங்கள் ஆயின.

அளவு எடுத்தல்

பழைய இருக்கை மாட்டப்பட்டிருக்கும் இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம், அந்தத் துளைகளிலிருந்து கமோடின் முன் விளிம்பு வரை உள்ள நீளம், துளைகளுக்கும் ஃப்ளஷ் டேங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி ஆகிய மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். துளைகளின் இடைவெளி பெரும்பாலும் 14 முதல் 16 சென்டிமீட்டருக்குள் இருக்கும் என்பதால் அதில் சிக்கல் வருவது குறைவு. இருக்கையின் பின்னாலுள்ள இயந்திரப் பகுதி பருமனானது என்பதால் மூன்றாவது அளவுதான் பலரை ஏமாற்றும். சதுர வடிவக் கமோடு வைத்திருப்பவர்கள் இந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது.

மின் இணைப்பு

இதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். சிறிய தொட்டியில் தண்ணீரைச் சூடாக்கி வைத்திருக்கும் வகை சுமார் 600 வாட் இழுக்கும். வரும் தண்ணீரை அந்தக் கணமே சூடாக்கும் வகை 1,200 வாட்டையும் தாண்டும். ஆகவே எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்றை, ஹெல்த் ஃபாசெட் தண்ணீர் தெறிக்காத பக்கத்தில் போட்டு, அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகவே கூடாது. உறவினர் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த இருக்கை என்றால் அது 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அத்துடன் முடிந்தது.

தண்ணீர் இணைப்பு

ஆங்கிள் வால்வை (டேங்குக்கு வரும் தண்ணீரைத் திறந்து மூடும் சுவர்க் குழாயை) மூடி, ஒருமுறை ஃப்ளஷ் செய்து டேங்கைக் காலியாக்குங்கள். ஆங்கிள் வால்வுக்கும் டேங்குக்குச் செல்லும் டியூபுக்கும் நடுவே டி இணைப்பைப் பொருத்தி, அதன் மூன்றாவது வாயில் இருக்கையின் டியூபை மாட்ட வேண்டும். டேங்க் சுவருக்குள் புதைந்திருக்கும் வீடுகளில் ஹெல்த் ஃபாசெட்டின் ஆங்கிள் வால்விலிருந்து இதே முறையில் பிரித்துக்கொள்ளலாம். பெட்டியில் கொடுக்கும் பிளாஸ்டிக் டி-யைவிடக் கடையில் கிடைக்கும் பித்தளை டி-யையே நான் நம்புவேன். டெஃப்ளான் டேப்பை உலோக மரைகளில் மட்டும் சுற்றுங்கள். ரப்பர் வாஷர் உள்ள இடத்தில் வாஷரே நீரைத் தடுத்துவிடும், அங்கே டேப் சுற்றினால் வாஷர் சரியாக அமராமல் கசியும். கையால் இறுக்கிய பின் ஸ்க்ரூ ஸ்பானரால் கால் சுற்று போதும். பைப் ரெஞ்சைப் பயன்படுத்தினால் குரோம் பூச்சு உரிந்துவிடும்.

பழைய இருக்கையின் போல்ட் துருப்பிடித்து அசைய மறுத்தால் தட்டாதீர்கள், பீங்கான் விரிசல் விடும். ஆக்ஸா பிளேடால் பொறுமையாக அறுத்தெடுங்கள். பிறகு அடித்தகட்டைத் திருகி, கிளிக் என்ற ஓசை வரும்வரை இருக்கையை அதன்மேல் தள்ளினால் பொருத்துதல் முடிந்தது.

என்னை மூன்று வாரம் அலைக்கழித்த அழுத்தம்

எல்லாம் மாட்டி முடித்துச் சோதித்தபோது, இருக்கையின் குழலிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவதற்குப் பதிலாக வழிந்தது. இயந்திரம் பழுது என்று எண்ணி மாற்றிக் கேட்டேன். மாற்றி வந்ததும் அப்படியே வழிந்தது. அதன் பிறகுதான் குறிப்பேட்டைப் பொறுமையாகப் படித்தேன். குறைந்த அளவு நீரழுத்தம் 0.05 மெகா பாஸ்கல் என்று அதில் போட்டிருந்தது. நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், தொட்டியின் நீர்மட்டம் இருக்கையைவிட 5 மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். எங்கள் தொட்டியோ குளியலறைக்கு நேர் மேலே, இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

"குழாயைத் திறந்தால் வாளி ஒரு நிமிடத்தில் நிறைகிறதே" என்று எங்கள் பிளம்பர் வாதிட்டார். வாளி விரைந்து நிறைவது குழாயின் பருமனைப் பொறுத்தது; அழுத்தத்தைத் தருவது உயரம். குழாய் எவ்வளவு பருமனாக இருந்தாலும், பம்ப் இல்லாத வீட்டில் தொட்டியின் உயரம் தருவதற்கு மேல் அழுத்தம் வராது. எனவே வாங்குவதற்கு முன்பே அளவு நாடாவால் அந்த உயரத்தை அளந்துவிடுங்கள். மாடிவீட்டில் கீழ்த்தளக் குளியலறையில் பொருத்தினால் பெரும்பாலும் பம்ப் இல்லாமலே வேலை செய்யும்.

உயரம் போதாவிட்டால் பிரஷர் பம்ப்தான் வழி. அதிலும் நான் ஒருமுறை தவறினேன். முதலில் வாங்கிய சிறிய பம்ப், தண்ணீர் ஓடுவதை உணர்ந்து இயங்கும் ஃப்ளோ ஸ்விட்ச் வகை. பிடே பீய்ச்சும் தண்ணீர் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் குறைவு என்பதால், அந்த மெல்லிய ஓட்டத்தை ஸ்விட்ச் உணரவே இல்லை. பக்கத்துக் குழாயைத் திறந்துவைத்தால் மட்டும் இருக்கை அழகாக வேலை செய்தது! அழுத்தம் குறைந்தால் இயங்கும் பிரஷர் ஸ்விட்ச்சும் சிறிய அழுத்தத் தொட்டியும் உள்ள பம்பை மாற்றி வைத்த பிறகே சிக்கல் தீர்ந்தது.

சோதித்தலும் பயன்படுத்தலும்

மின்சாரத்தைப் போடும் முன் ஆங்கிள் வால்வைத் திறந்து, இணைப்புகளைச் சுற்றி டிஷ்யூ தாளை வைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவைத் தாள் காட்டிவிடும். ஆள் உட்கார்ந்திருப்பதை உணர்ந்தால்தான் குழல் வெளியே நீளும். ஆகவே சோதிக்கும்போது ஒரு கையால் இருக்கையின் உணரியை மூடிக்கொண்டு, மறுகையில் பிளாஸ்டிக் தாள் ஒன்றைக் குழலுக்கு எதிரே பிடியுங்கள். நான் தாள் பிடிக்காமல் குனிந்து பார்த்து முகம் கழுவிக்கொண்டேன்.

முதல் நாள் எல்லாவற்றையும் குறைந்த அளவிலேயே வையுங்கள். 1980இல் ஜப்பானின் டோட்டோ நிறுவனம் வாஷ்லெட் என்ற தன் பிடே இருக்கையை அறிமுகப்படுத்தியபோது 38 டிகிரி தண்ணீரையும் 43 டிகிரி குழல் கோணத்தையும் தேர்ந்தெடுத்தது. இதமான சூடு என்பது உடல் வெப்பத்தை ஒட்டியதுதான். இருக்கையின் சூட்டில் கூடுதல் கவனம் தேவை. நீரிழிவால் கால், தொடைகளில் உணர்ச்சி குறைந்தவர்கள் நெடுநேரம் உட்கார்ந்தால் மிதமான சூடே தோலைப் புண்ணாக்கிவிடக்கூடும். அம்மா தண்ணீருக்கு மட்டும் சூடு வைத்துக்கொண்டு இருக்கையின் சூட்டை அணைத்துவிடுகிறார்.

பின்னர்ச் சேர்த்தவை

இதைப் படித்த சமவெளி நண்பர்கள், உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீருக்கு ஃபில்டர் வைத்தால் போதுமா என்று கேட்டார்கள். ஐந்து மைக்ரான் ஃபில்டர் மண்ணையும் துருவையும் தடுக்குமே தவிர, கரைந்திருக்கும் உப்பைத் தடுக்காது. சூடாகும் இடத்தில் அது படிந்தே தீரும். ஆர்.ஓ. கழிவு நீரை இணைக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம். தண்ணீர் மெலிந்தால் இயந்திரத்தைக் குறை சொல்லும் முன், டியூப் இணையும் வாயிலுள்ள சிறு வலையைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள்.

பம்ப் வைத்த இரண்டாம் மாதம் எங்கள் பழைய ஹெல்த் ஃபாசெட் டியூப் நள்ளிரவில் வெடித்து, கூடம் வரை தண்ணீர் வந்துவிட்டது. பம்பை மாட்டும் அன்றே அந்த டியூபையும் மாற்றிவிடுங்கள். ஆனால் ஹெல்த் ஃபாசெட்டையே கழற்றிவிடாதீர்கள்; மழைக்காலத்தில் மின்சாரம் போகும் நாட்களில் அதுதான் வேண்டியிருக்கும்.