மோட்டார் இரைகிறது, சுற்றவில்லை: ரெக்னீசியன் நேர்முகத்துக்குப் போகும் தம்பி தங்கச்சிமாருக்கு

பரந்தனில் எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டாரைக் கழற்றிப் பூட்டித்தான் நான் வேலை பழகினேன். கொழும்பில் ஒரு கணினிக் கொம்பனியில் ரெக்னீசியன் வேலைக்கு முதல் நேர்முகம் போனபோது அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சான்றிதழ்களை நீட்டினேன், ஓமின் விதியை ஒப்புவித்தேன். வேலை கிடைக்கவில்லை. இப்போது வேறோர் இடத்தில் கேள்வி கேட்கும் பக்கத்தில் நானும் இருக்கிறேன். கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்தில் படித்த பிள்ளைகளும் வவுனியாப் பிள்ளைகளும் அதே பிழையை விடும்போது மனம் பொறுக்குதில்லை.

"நீங்கள் திருத்திய ஒரு பழுதைச் சொல்லுங்கள்" என்று நான் எல்லாரிடமும் கேட்பேன். "வீட்டில் மோட்டார் திருத்துவேன்" என்று அதோடு நிறுத்திவிடாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "மோட்டார் இரைந்தது, சுற்றவில்லை. மெயின் சுவிட்சை நிறுத்தினேன். தண்டைக் கையால் சுற்றினேன். இலகுவாகச் சுற்றியது, அதனால் பெயரிங் இறுகவில்லை என்று விட்டேன். அடுத்தது மோட்டாரைச் சுற்றத் தொடங்க வைக்கும் கப்பாசிற்றர். ஒரு பல்பைத் தொடுத்து அதில் மிஞ்சியிருந்த கறண்டை இறக்கிவிட்டு அளந்தேன். மேலே 25 மைக்ரோபரட் என்று போட்டிருந்தது, மீற்றர் 9 காட்டியது. புதிது போட்டேன், ஓடியது." எதை முதலில் பார்த்தீர்கள், எதை ஏன் விலக்கினீர்கள் என்பதெல்லாம் இதற்குள் வந்துவிடும். சேர்வர் ஒன்று உயிர் பெறாவிட்டாலும் வழி இதுதான்: சுவரில் கறண்ட் வருகிறதா, வயர் சரியாகச் செருகியிருக்கிறதா, பவர் சப்ளை வேலை செய்கிறதா, அப்புறம்தான் மதர்போர்ட்.

செய்முறைக்கு மல்ரிமீற்றர் தந்தால் முதலில் வயர்களைப் பாருங்கள். சிவப்பு வயர் 10 அம்பியர் துளையில் கிடக்கலாம். அப்படியே வோல்ற்றேஜ் அளக்கப் போனால் சோர்ட்தான். ஓம், அதாவது மின்தடை, அளப்பது கறண்டை நிறுத்திய பிறகு மட்டும்.

நெற்வேர்க் கேபிளுக்கு முனை அடிக்கச் சொல்லவும் கூடும். 568பி என்ற வயர் நிற ஒழுங்கைக் கை மறக்காதபடி பழகுங்கள்: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். வயர்ச் சோடிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம்.

ஆங்கிலம் தடக்குமே என்ற பயம் எனக்கும் இருந்தது. மோட்டார்க் கதையை வீட்டில் பத்துத் தரமாவது ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அங்கே சொல் வராவிட்டால் ஒரு கடதாசி கேட்டு வரையுங்கள். போன மாதம் முல்லைத்தீவுத் தங்கச்சி ஒருத்தி சோலர் பனலிலிருந்து பற்றரி வரை கோடு போட்டு, பழுது இருந்த இடத்தைப் பேனையால் வட்டமிட்டாள். அதற்குப் பிறகு அவளிடம் கேட்க எங்களிடம் அதிகம் இருக்கவில்லை.

இரவு பஸ்ஸில் நித்திரை கெட்டு நேரே வர வேண்டாம். முந்தைய நாளே வந்து தங்குங்கள். கடைசியில் "உங்களுக்கு ஏதும் கேட்க இருக்கிறதா" என்பார்கள். இரவு வேலை உண்டா, தங்க இடம் உண்டா, பாதுகாப்புச் சப்பாத்து தருவார்களா என்று கேளுங்கள். கேட்டதற்காக நான் ஒருவரையும் கழித்ததில்லை.