பிஸ்கட் டப்பாவைக் காபி மெஷினிலிருந்து தள்ளி வையுங்கள்

அலுவலகத்தில் காபி மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் பிஸ்கட், சாக்லேட்டை எடுத்து அறையின் மறுகோடியில் வையுங்கள். கண்ணாடி ஜாடி வேண்டாம், உள்ளே இருப்பது தெரியாத மூடி போட்ட டப்பாவாக இருக்கட்டும். அந்தப் பழைய இடத்தில் பழமும் தண்ணீரும் போதும்.

கப் நிரம்பும் வரை நிற்கும் அரை நிமிடத்தில் கை சும்மா இருக்காது. பசியே இல்லாமல், கண்ணில் பட்டதால் வாய்க்குள் போவதுதான் அதிகம். பத்தடி நடந்து மூடியைத் திறக்க வேண்டுமென்றால் பலர் விட்டுவிடுவார்கள். நிஜமாகவே வேண்டுமென்பவரை யாரும் தடுக்கவில்லை. பிஸ்கட் செலவும் குறையும். ஊழியர்கள் எடையைக் குறைக்க எல்லார் முன்னாலும் எடை பார்க்கும் போட்டியைவிட இது எவ்வளவோ மேல், அதில் கூச்சம்தான் மிஞ்சும்.

ஆளாளுக்கு மேஜை டிராயரில் நொறுக்குத்தீனி வைத்திருக்கும் இடத்தில் இது எடுபடாது. இரவு ஷிப்டில் வேறு எதுவுமே கிடைக்காது என்றால் முதலில் சாப்பாட்டுக்கு வழி செய்யுங்கள். அப்புறம், இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் சட்டென்று ஏறும் குளுக்கோஸோ சர்க்கரையோ தேவைப்படும், சாக்லேட்டும் பிஸ்கட்டும் மெதுவாகத்தான் ஏறும். அதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.