ரீப்ளேயைப் பார்க்கும் முன் காதைத் தீட்டுங்கள்: ரக்பி வீடியோ தீர்ப்பை எடைபோடுவது எப்படி

ரக்பியில் எதிரணியின் கோட்டில் அல்லது அதற்கு அப்பால் பந்தைத் தரையில் அமுக்கிப் புள்ளி எடுப்பதுதான் டிரை. ஒரு டிரை சர்ச்சையானதும் நாம் செய்வது ஒன்றுதான். திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, “அந்தா, பந்து தரையில பட்டுருச்சு பாரு!” என்று கத்துவோம். பக்கத்தில் இருப்பவர் “படல” என்பார். அங்கே பெரிய நடுவர் ஒரு முடிவைச் சொன்னதும் இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்டுவோம்.

நான் காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்கிறவன். முகூர்த்த மாதங்களில் ராத்திரி முழுக்க கம்ப்யூட்டரில் ரெண்டர் ஓடும். ஸ்டுடியோவில் முழித்துக் கிடக்கும் அந்த நேரத்தில், வெலிங்டனில் இருக்கும் அத்தான் புண்ணியத்தில் ரக்பி தொற்றிக்கொண்டது. விதிகளை அவர் சொல்லித் தந்தார். கேமரா எப்படியெல்லாம் பொய் சொல்லும் என்பதை நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கீழே இருப்பது அந்தச் சண்டைகளில் தேறியது.

முதல் வேலை, ஹெட்போன் மாட்டுவது. வீட்டில் தூங்குகிறவர்களுக்காக மட்டும் இல்லை. ரக்பியில் நடுவரின் மைக் ஒளிபரப்பில் அப்படியே கேட்கும். டி.எம்.ஓ. எனப்படும் வீடியோ நடுவரிடம் களத்து நடுவர் என்ன கேட்கிறார், வீடியோ நடுவர் என்ன பதில் சொல்கிறார், எல்லாமே நம் காதுக்கு வரும். வர்ணனையாளர் பேச்சை விட்டுவிட்டு அந்தக் குரலைப் பிடியுங்கள். பிடிக்க வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்று: களத்தில் நடுவர் முதலில் எடுத்த முடிவு என்ன? “என் முடிவு டிரை, மாற்றக் காரணம் உண்டா?” என்பது ஒரு கேள்வி. “என் முடிவு டிரை இல்லை” என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே வீடியோவைப் போட்டாலும் விடை மாறலாம். முடிவை மாற்ற வேண்டுமென்றால் தெளிவான சாட்சி வேண்டும். சாட்சி இல்லையென்றால் முதல் முடிவே நிற்கும்.

2024 பிப்ரவரி 10, எடின்பரோவின் மர்ரேஃபீல்டில் ஸ்காட்லாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த ஆட்டம் இதற்கு நல்ல பாடம். நமக்கு அது ராத்திரி ஏழே முக்காலுக்கு ஆரம்பித்தது. கடைசி நிமிடங்களைத் தாண்டியும் ஆட்டம் ஓட, பிரான்ஸ் 20-16 என முன்னிலை. ஸ்காட்லாந்தின் சாம் ஸ்கின்னர் கோட்டைத் தாண்டிப் பந்தோடு விழுகிறார், மேலே ஆள்மேல் ஆளாகக் குவியல். நடுவர் நிக் பெர்ரி, பந்து தரையைத் தொடாமல் தடுக்கப்பட்டது, டிரை இல்லை என்று களத்தில் சொல்லிவிட்டார். வீடியோ நடுவர் பிரையன் மெக்நீஸ் ஓட்டிப் பார்க்கிறார். ஒரு கோணத்தில் பந்து முதலில் ஒரு பூட்ஸ் மேல் இருக்கிறது; அப்புறம் சரிந்து புல்லுக்கு இறங்கியது போலத் தெரிகிறது. அவர் பேச்சும் ஒரு கட்டத்தில் அந்தப் பக்கம் சாய்ந்தது. கடைசியில், முடிவை மாற்றும் அளவுக்குச் சாட்சி இல்லை என்றார். ஆட்டம் முடிந்தது, ஸ்காட்லாந்து தோற்றது.

என்னிடம் கேட்டால் பந்து தரையைத் தொட்டிருக்கும் என்றுதான் சொல்வேன். ஆனால் “தொட்டிருக்கும்” என்பது தெளிவான சாட்சி ஆகாது. பெர்ரி அன்று “என் முடிவு டிரை” என்று தொடங்கியிருந்தால், அதே வீடியோவை வைத்து டிரை நின்றிருக்கும் என்பது என் கணிப்பு. ஆகவே திட்டுவதென்றால் வீடியோவைத் திட்டாதீர்கள், அந்த முதல் வாக்கியத்தைக் குறை சொல்லுங்கள்.

அடுத்தது கோணம். இது என் தொழில், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கானாடுகாத்தான் மாதிரி ஊரில் பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால், முகப்பிலிருந்து வளவு முழுக்க நீளமாகப் பார்த்தபடி ஒரு டெலி லென்ஸ் வைப்போம். அந்த லென்ஸ் தூரத்தைச் சப்பையாக்கிவிடும். இந்தத் தூணருகே ஒருவர், மூன்று தூண் தள்ளி இன்னொருவர் நின்றால், வீடியோவில் இரண்டு பேரும் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகளை இப்படி ஒட்டவைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ரக்பி மைதானத்தின் கேமராக்களும் தொலைவிலிருந்து இதே ஜாதி லென்ஸில்தான் எடுக்கின்றன. அதனால் கோட்டுக்குக் குறுக்கே சாய்வாக வரும் படத்தை நம்பாதீர்கள். கோட்டின் நீளத்திலேயே, அதன் நேர் எதிரில் வைத்த கேமரா எது என்று பாருங்கள். அந்தப் படம் வரும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

கோடுகளிலும் ஒரு வித்தியாசம் உண்டு. டிரை கோட்டின் மேல் பந்தை அமுக்கினாலே டிரை. பக்கக் கோட்டை மிதித்தாலோ வெளியே. முதல் கோடு தாக்குகிறவருக்குச் சாதகம், இரண்டாவது பாதகம். மூலையில் விழும் டிரையில் இரண்டும் சேர்ந்துகொள்ளும்போதுதான் வில்லங்கம். 2007 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் மார்க் கியூட்டோ மூலையில் பாய்ந்தார். பந்து தரையைத் தொடும் முன் அவர் இடது கால் பக்கக் கோட்டைத் தொட்டதா? வீடியோ நடுவர் ஸ்டூவர்ட் டிக்கின்சன் நேரம் எடுத்துப் பார்த்து, தொட்டது என்றார். தென்னாப்பிரிக்கா 15-6 என்று வென்றது. இங்கிலாந்துக்காரர்களுக்கு அந்தப் பேச்சு இன்னும் அடங்கவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 50 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 20 மில்லிசெகண்டு. நொடிக்கு 9 மீட்டர் ஓடுகிறவர் அதற்குள் 18 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். ஒரு சாண் அளவு நகர்வு எந்தப் படத்திலும் பதிவாகாமலே போயிருக்கலாம். சூப்பர் ஸ்லோ கேமராவில் ஃபிரேம் அதிகம். ஆனால் அது சரியான கோணத்தில் இருந்ததா என்பது வேறு விஷயம்.

ரக்பியில் பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது; எறிந்தால் அது ஃபார்வர்ட் பாஸ். இந்த விஷயத்தில் பெரும்பாலானோர் ஏமாறுவது புல்லில் உள்ள கோடுகளை வைத்து அளப்பதால். விதி கேட்பது, பந்து கையிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பியது என்பதை மட்டும்தான். நொடிக்கு 8 மீட்டர் ஓடிக்கொண்டே ஒருவர் 3 மீட்டர் வேகத்தில் பின்னால் எறிந்தாலும், தரையை வைத்துப் பார்த்தால் பந்து 5 மீட்டர் வேகத்தில் முன்னால்தான் போகும். அது சரியான பாஸ். எறிந்தவர் கையையும் மணிக்கட்டையும் பாருங்கள். எறிந்த பிறகும் அவர் தடுக்கப்படாமல் ஓடினால், பந்து அவருக்குப் பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். 2007 உலகக் கோப்பைக் காலிறுதியில் கார்டிஃபில் பிரான்ஸ் நியூசிலாந்தை 20-18 என்று வீழ்த்தியபோது, கடைசி டிரைக்கு முந்தைய பாஸ் முன்னால் போனது இந்தச் சோதனையிலும் தப்பாது. நடுவர் வெய்ன் பார்ன்ஸ் கவனிக்கவில்லை. அன்றைய விதிப்படி வீடியோவைக் கேட்கவும் வழியில்லை. அத்தானிடம் இந்தப் பேச்சை எடுத்தால் போன் கட்டாகும்.

பந்தோடு வருபவரைப் பிடித்துத் தடுப்பது டேக்கிள். தலையில் இடிக்கும் டேக்கிளுக்கு வேறு முறை. இங்கே நடுவர்கள் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்கிறார்கள்: தலையில் தொடுகை நடந்ததா, அது தவறான ஆட்டமா, ஆபத்து எவ்வளவு, தண்டனையைத் தணிக்கும் காரணம் ஏதாவது உண்டா? பந்து வைத்திருந்தவர் கடைசி நொடியில் திடீரெனக் குனிந்திருந்தால், அது தணிக்கும் காரணம். முதல் கேள்விக்கு மட்டும் ஸ்லோ மோஷன் பாருங்கள். மற்றதற்கெல்லாம் சாதாரண வேகம். ஸ்லோவில் ஓட்டினால் எந்த இடியும் வேண்டுமென்றே திட்டமிட்டு இடித்தது போலத் தெரியும். விலக ஏகப்பட்ட நேரம் இருந்தது போலவும் தெரியும். தாலி கட்டும் நொடியை நாங்கள் ஸ்லோவில் போடுவதே கண்ணில் கனம் கூட்டத்தான். அதே தந்திரம் இங்கே ஒரு ஆளை வெளியே அனுப்பிவிடும்.

2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நமக்கு அக்டோபர் 29 நள்ளிரவு பன்னிரண்டரைக்கு வந்தது. நியூசிலாந்து கேப்டன் சாம் கேன், தென்னாப்பிரிக்காவின் ஜெஸ்ஸி கிரியலைத் தடுத்தபோது நிமிர்ந்தபடியே இடித்தார், மஞ்சள் அட்டை. பிறகு ‘பங்கர்’ எனப்படும் தனி அறை அதைச் சிவப்பாக்கியது. ஆண்கள் இறுதி ஆட்டத்தில் சிவப்பு வாங்கிய முதல் ஆள் அவர். இரண்டாம் பாதியில் தென்னாப்பிரிக்கக் கேப்டன் சியா கோலிசியும் ஆர்டி சவேயாவின் தலையில் இடித்தார். அது மஞ்சளாகவே நின்றது. நியூசிலாந்து 11-12 என்று தோற்றது. “ஒரே குத்தத்துக்கு ரெண்டு தண்டனையா அண்ணே?” என்றான் என் உதவியாளன் பாண்டி. நான்கு கேள்விகளையும் இரண்டு சம்பவத்துக்கும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். மூன்றாவது கேள்வியில்தான் பாதை பிரிகிறது. அதை நான் ஏற்கிறேன். ஆனால் பங்கரில் எனக்கு ஒரு குறை உண்டு. மஞ்சள் வாங்கியவர் 10 நிமிடம் வெளியே இருக்கும்போது, அவர்கள் 8 நிமிடத்துக்குள் பார்த்து முடிக்கிறார்கள். ஆட்டம் நிற்பதில்லை, சரி. ஆனால் களத்து நடுவர் பேசுவது கேட்பது போல அந்த அறையின் பேச்சு நமக்குக் கேட்பதில்லை. தீர்ப்பு மட்டும் வரும், காரணம் வராது.

அதே ஆட்டத்தில் ஆரோன் ஸ்மித்தின் டிரை ரத்தானது, இன்னொரு விஷயத்தைப் புரிந்துகொள்ள உதவும். வெளியே போன பந்தை இரு அணி வரிசைகளுக்கும் நடுவே எறியும் லைன்-அவுட்டில், சவேயா கையில் பட்டுப் பந்து முன்னால் தவறியது உண்மை, வீடியோவில் தெரிகிறது; அது விதிமீறல்தான். ஆனால் டிரைக்கு முன் வீடியோ நடுவர் எவ்வளவு தூரம் பின்னால் போகலாம் என்பதற்கு எல்லை உண்டு: இரண்டு கட்டம் (ஒரு டேக்கிளுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட ஆட்டம் ஒரு கட்டம்). இது அதைத் தாண்டியது என்பது நியூசிலாந்து தரப்பின் வாதம். நான் அவர்கள் பக்கம். நடந்ததைப் பற்றிய தீர்ப்பு சரி, அதைப் பார்த்த முறை தவறு. “கண்ணுக்குத் தெரிஞ்சதை விட்டுடணுமா?” என்று பாண்டி கேட்பான். ஆமாம், விதி விடச் சொன்னால் விட வேண்டியதுதான்.

விதி தடுத்ததால் தவறு திருத்தப்படாமலே போனதற்கு உதாரணம் 2015 உலகக் கோப்பைக் காலிறுதி. ஸ்காட்லாந்து ஆஃப்சைடு என்று நடுவர் கிரெய்க் ஜூபேர் கடைசியில் கொடுத்த பெனால்டியால் ஆஸ்திரேலியா 35-34 என்று வென்றது. பெனால்டிக்குப் பதில், இரு அணியும் தோள் கோத்துப் பந்துக்காகத் தள்ளும் ஸ்க்ரம் கொடுத்திருக்க வேண்டும் என்று பிறகு உலக ரக்பி அமைப்பே சொன்னது. வீடியோவைக் கேட்டிருக்கலாமே என்றால், அந்த வகை முடிவுக்குக் கேட்க அனுமதியே இல்லை. ஆகவே திட்டும் முன், இதைக் கேட்க அவருக்கு உரிமை இருந்ததா என்று பாருங்கள்.

ஆட்டம் முடிந்த பிறகு வரும் ஒழுங்கு விசாரணையை களத்துத் தீர்ப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2023 மார்ச்சில் டப்ளினில் இங்கிலாந்தின் ஃப்ரெடி ஸ்டீவர்ட் வாங்கிய சிவப்பு, மஞ்சளாக இருந்திருக்க வேண்டும் என்று விசாரணைக் குழு சொன்னது. அதே வருடம் ஆகஸ்டில், சிவப்பு வாங்கிய இங்கிலாந்தின் ஓவன் ஃபாரெலை ஒரு குழு விடுவித்தது. உலக ரக்பி அமைப்பு மேல்முறையீடு செய்ய, நான்கு ஆட்டத் தடை வந்தது. நிபுணர்களே நாள்கணக்கில் உட்கார்ந்து இப்படி மாறி மாறிச் சொல்கிறார்கள். 2023 இறுதி ஆட்டத்தின் வீடியோ நடுவர் டாம் ஃபோலி, தனக்கும் குடும்பத்துக்கும் வந்த வசவுகளால் சர்வதேச ஆட்டங்களிலிருந்து ஒதுங்கிவிட்டார். போனில் டைப் செய்யக் கை துறுதுறுத்தால் டீக்கடைக்குப் போய்ப் பேசுங்கள்.

பழகிப் பார்க்க ஒரு ஆட்டம் சொல்கிறேன். 2025 ஜூலை 26, மெல்போர்னில் லயன்ஸ் (பிரிட்டன், அயர்லாந்து வீரர்களின் கூட்டு அணி) ஆஸ்திரேலியாவை 29-26 என்று வென்றது. ஹியூகோ கீனன் கடைசியில் வைத்த டிரைக்கு முன், தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் இரு அணியும் முட்டித் தள்ளும் ரக்கில், லயன்ஸின் ஜாக் மோர்கன் பாய்ந்து ஆஸ்திரேலியாவின் கார்லோ டிசானோவைத் தள்ளுகிறார். நடுவர் ஆண்ட்ரியா பியார்டி வீடியோவைப் பார்த்துவிட்டு டிரையை நிறுத்தவில்லை. முதலில் சத்தம் இல்லாமல் ஒருமுறை பாருங்கள், அப்புறம் நடுவர் குரலோடு, கடைசியாக முழு வேகத்தில். என் கணக்கில் அங்கே பெனால்டி கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் கொடுத்த டிரையைப் பிடுங்கும் அளவுக்கும் அந்த வீடியோவில் எதுவும் இல்லை. பாண்டி ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஃபிரேமை நிறுத்தி, தோள் கழுத்தில் பட்டிருப்பதைக் காட்டுகிறான். பட்டிருக்கிறதுதான். அதற்கு முந்தைய பத்து ஃபிரேமை ஓட்டு, டிசானோ எவ்வளவு தாழ்ந்திருக்கிறார், இரண்டு பேரும் எப்போது வந்து சேர்கிறார்கள் பார்ப்போம் என்றேன். மவுஸ் இப்போது அவன் கையில்.