பழைய ஜப்பானிய வாளைப் பார்க்கப் பழகுவது எப்படி? பெயரைக் கடைசியில் படியுங்கள்

பழைய ஜப்பானிய வாள் ஒன்று கைக்கு வந்ததும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "யார் செய்தது?" என்பதுதான். பதில் கைப்பிடிக்குள் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் உடனே பிடியைக் கழற்றப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது புதிதாகச் சேகரிக்க வருகிறவர்களிடம் வேறு மாதிரி சொல்கிறேன்: முதலில் உருவம், பிறகு எஃகு, பிறகு துரு, எல்லாவற்றுக்கும் கடைசியில் பெயர்.

இது நானாகக் கண்டுபிடித்த வரிசை இல்லை. ஜப்பானில் கந்தெய் எனப்படும் வாள் அறியும் பயிற்சியில், பெயர் பொறித்த பகுதியை மூடி மறைத்துத்தான் வாளைக் கையில் கொடுப்பார்கள். எந்தக் காலம், எந்த ஊர், எந்தக் கொல்லர் என்று வாளின் உடலைப் பார்த்தே சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தை வீட்டிலேயே தொடங்குவது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: கையில் எடுக்கும் முன்

மோதிரம், கைக்கடிகாரம் இரண்டையும் கழற்றி வையுங்கள். கையைக் கழுவி, ஈரமில்லாமல் துடையுங்கள். மேசை மேல் மெத்தென்ற துணி ஒன்று விரித்திருக்கட்டும்.

வாளை உறையோடு பிடிக்கும்போது வெட்டும் வாய் மேலே பார்க்க வேண்டும். அப்போதுதான் உருவும்போது வாளின் முதுகு உறைக்குள் உராயும், வாய்ப்பக்கம் மரத்தைக் கீறாது. வாளின் கழுத்தில் ஹபாகி என்ற உலோகப் பட்டை உண்டு. உறையின் வாயை இறுகப் பிடித்திருப்பது அதுதான். முதலில் அதை மெதுவாகத் தளர்த்திவிட்டு, பிறகு ஒரே சீராக, ஆட்டாமல், நுனி வரை வெளியே இழுங்கள்.

உருவிய பிறகு எஃகை விரலால் தொடாதீர்கள். "கூர் பார்க்கிறேன்" என்று கட்டை விரலை வைப்பதும் வேண்டாம். என்னுடைய முதல் வாளின் நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு முறை என் கட்டை விரல் பட்டது. உடனே துடைத்துவிட்டேன், ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து உருவிப் பார்த்தால் அதே இடத்தில் ரேகையோடு பழுப்பாக ஒரு கறை. மெருகிடுபவர் ஒருவரிடம் காட்டினேன். அந்தக் கறையை எடுக்க வேண்டுமானால் வாள் முழுவதையும் ஒரு சுற்று தேய்க்க வேண்டியிருக்கும், 400 வருடம் தாங்கிய தோலில் ஒரு பகுதி போய்விடும் என்றார். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்த ரேகை இன்னும் இருக்கிறது.

வாளை முகத்துக்கு எதிரே வைத்துக்கொண்டு பேசாதீர்கள், எச்சில் தெறித்தாலும் துரு ஏறும். இன்னொருவருக்குத் தருவதானால் கைக்குக் கை மாற்றுவதைவிடத் துணியின் மேல் வைத்துவிடுங்கள், அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

படி 2: உருவத்தைப் பாருங்கள்

கையை நீட்டி வாளைச் செங்குத்தாகப் பிடியுங்கள். கோடு, மினுக்கம் எதையும் இப்போது கவனிக்க வேண்டாம். நிழலுருவம் மட்டும் போதும்.

நீளத்தை வளைவோடு அளக்கக் கூடாது. நுனியிலிருந்து, ஹபாகி உட்காரும் இடத்தில் முதுகில் இருக்கும் சிறு வெட்டு வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். ஜப்பானிய அளவான ஷாகு என்பது 30.3 செ.மீ. இரண்டு ஷாகுவுக்கு, அதாவது 60.6 செ.மீ.க்கு மேல் இருந்தால் கதானா அல்லது தாச்சி (இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆறாம் படியில்). ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் வகிசாஷி. ஒரு ஷாகுவுக்கும் குறைந்தால் தாந்தோ.

அடுத்தது வளைவு. அது எந்த இடத்தில் ஆழமாக விழுகிறது என்று தேடுங்கள். குதிரை மேலிருந்து போரிட்ட காமகுரா காலத்து (1185–1333) தாச்சிகளில் வளைவு பிடிக்குப் பக்கத்திலேயே ஆழமாக இருக்கும். 14ஆம் நூற்றாண்டில் வாள்கள் அகலமாகவும் மிக நீளமாகவும், பெரிய நுனியோடும் வந்தன. காலாட்படை பெருகிய 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இடுப்பிலிருந்து சட்டென்று உருவ வசதியாக நீளம் குறைந்தது, வளைவு நுனியை நோக்கி நகர்ந்தது. 1660களில் செய்தவை பெரும்பாலும் வளைவு குறைந்து, நுனிப்பக்கம் நன்றாகச் சிறுத்துப் போகும். மூங்கில் வாள் பயிற்சி பரவிய காலம் அது.

ஒரு எச்சரிக்கை. பழைய நீள வாள்கள் பலவற்றைப் பிற்காலத்தில் குறுக்கிவிட்டார்கள். குறுக்கும்போது நுனியில் கை வைக்க மாட்டார்கள், பிடிப்பக்கத்தைத்தான் வெட்டுவார்கள். அதனால் வளைவின் அடிப்பாகம் போய்விடும். நீளம் கதானாவைச் சொல்லும், அகலமும் நுனியும் 14ஆம் நூற்றாண்டைச் சொல்லும். இந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அது தவறில்லை, அந்த வாளின் வரலாறே அதுதான். குறித்துவைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் படியில் உதவும்.

படி 3: ஒற்றை விளக்கில் எஃகைப் படியுங்கள்

நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய படி இது. அறையின் ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். குண்டு பல்பு ஒன்று போதும், கண் மட்டத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில் தொங்கட்டும். வாளின் நுனியைப் பல்பை நோக்கி நீட்டி, ஒரு கண்ணால் துப்பாக்கியில் குறி பார்ப்பது போல வாளின் நீளவாட்டில் பாருங்கள். பல்பின் வெளிச்சம் எஃகில் ஒரு புள்ளியாக விழும். பார்க்க வேண்டியது அந்தப் புள்ளியை அல்ல, அதன் ஓரத்தை. கையை இம்மியளவு சாய்த்துச் சாய்த்து அந்த ஓரத்தை அடியிலிருந்து நுனி வரை நகர்த்துங்கள்.

அப்போது தெரியும் வெண்கோடுதான் ஹமோன். ஆசிட் வைத்து வரைந்தது இல்லை, கொல்லர் தீட்டியதும் இல்லை. தோய்ச்சல் போடுவதற்கு முன் வாளின் மேல் களிமண் பூசுவார்கள், முதுகுப்பக்கம் தடிமனாக, வாய்ப்பக்கம் மெல்லிசாக. பழுக்கக் காய்ச்சி நீரில் இறக்கியதும் மெல்லிய மண்ணுக்கு அடியில் இருந்த எஃகு சட்டென்று குளிர்ந்து மிகக் கடினமாகிறது, தடித்த மண்ணுக்கு அடியில் இருந்தது மெதுவாகக் குளிர்ந்து மிருதுவாகவே நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் எல்லையைத்தான் நாம் பார்க்கிறோம். கடினமான பக்கம் கொஞ்சம் பருத்துக்கொள்வதால் வாளும் அந்த நொடியில் வளைகிறது.

அந்த எல்லையை உற்றுப் பாருங்கள். தனித்தனியாக எண்ணிவிடலாம் போன்ற மின்னும் மணிகள் தெரிந்தால் அதற்கு நியே என்று பெயர். மணி தெரியாமல் மார்கழிக் காலைப் பனி மாதிரி படர்ந்திருந்தால் நியோய். பிசென், அதாவது இன்றைய ஒகயாமா பக்கத்து வாள்கள் நியோய்க்குப் பெயர் போனவை. அவற்றில் கிராம்பு மொட்டுகளை அடுக்கியது போன்ற ஹமோனும், அதற்கு மேல் எஃகில் நிழல் போல ஒரு வெண்படலமும் அடிக்கடி வரும். புகழ்பெற்ற கொல்லர் மசமுனேயின் சோஷூ மரபில் நியே பொங்கி நிற்கும். மினோ மரபில் ஹமோன் கூர்கூராக எழும், கனெமோதோ என்பவரின் ஹமோன் வரிசையாக நிற்கும் மூன்று தேவதாரு மரங்கள் போல இருக்கும் என்பார்கள். யமாதோ வாள்களில் ஹமோன் பெரும்பாலும் நேராக ஓடும். யமஷிரோவோடு சேர்த்து, பழைய ஜப்பானியப் பகுதிகளின் பெயரால் வழங்கும் மரபுகள் மொத்தம் ஐந்து. முதல் வருடம் இந்த ஐந்தையும் பிரித்துப் பார்க்க வந்துவிட்டால் அதுவே நல்ல தேர்ச்சி.

ஹமோனுக்கு மேலே உள்ள எஃகையும் விட்டுவிடாதீர்கள். மடித்து மடித்து அடித்த எஃகு என்பதால் பலகையில் தெரிவது போல வரிகள் ஓடும். சிலதில் மரக்கணுவைச் சுற்றிய சுழி, சிலதில் நேர்வரி. யமாதோ கொல்லர்களிடம் நேர்வரி அதிகம். முதல் பத்து வாள்களில் உங்களுக்கு எதுவுமே தெரியாமல் போகலாம். எனக்கும் தெரியவில்லை. பதினோராவதில் ஒரு கணம் தெரிந்தது, பிறகு எல்லாவற்றிலும் தெரியத் தொடங்கிவிட்டது.

படி 4: குறைகள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வாய் விளிம்பிலிருந்து குறுக்கே மேலேறும் மயிரிழை விரிசல் இருந்தால் வாங்காதீர்கள். அதன் பெயர் ஹகிரே, அது வாளின் உயிரை எடுத்துவிடும் குறை. நீளவாட்டில் ஓடும் சிறு திறப்புகள், மடிப்பில் சரியாக ஒட்டாத இடங்கள் பழைய வாளில் சகஜம். சிறு பற்கள் போல வாய் சிதைந்திருந்தால் மெருகிடும்போது சரியாகலாம், ஆனால் அதற்குள் எவ்வளவு எஃகு போகும் என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 5: பிடியைக் கழற்றி நாகாகோவைப் பாருங்கள்

இப்போதுதான் பிடி. அதைப் பிடித்து நிறுத்துவது பென்சில் அளவு மூங்கில் முளை ஒன்று மட்டுமே. ஒரு பக்கம் அது கொஞ்சம் சிறுத்திருக்கும், சிறுத்த பக்கத்திலிருந்து தள்ளி எடுங்கள். பிறகு இடது கையால் பிடியின் அடியைப் பற்றி, வாளைச் சற்றுச் சாய்வாக நிமிர்த்தி, வலது முஷ்டியால் உங்கள் இடது மணிக்கட்டில் மெதுவாகத் தட்டுங்கள். இரண்டு மூன்று தட்டில் தளரும். தாந்தோவாக இருந்தால் இன்னும் மெதுவாக, எடை குறைந்தது என்பதால் துள்ளி வெளியே விழுந்துவிடும். கடைசியாக ஹபாகியை உருவி எடுங்கள்.

பிடிக்குள் இருந்த பகுதியின் பெயர் நாகாகோ. இங்கே துருவைக் கண்டு பதறாதீர்கள். நல்ல பழைய நாகாகோவின் துரு, வாசல் கேட்டில் உதிரும் செந்துரு மாதிரி இராது. தலைமுறைகளாகப் புழங்கிய தோசைக்கல்லின் கருமை போல ஆழமாக, வழவழப்பாக, விரலில் ஒட்டாமல் இருக்கும். காமகுரா காலத்தது ஏறக்குறைய கறுப்பு. 19ஆம் நூற்றாண்டினுடையது இன்னும் பழுப்பு, சில இடங்களில் அடியில் எஃகின் வெளுப்பும் தெரியும். வாளின் வயதுக்கு நம்மிடம் இருக்கும் உறுதியான சாட்சி இந்த நிறம்தான்.

அதனால் நாகாகோவைச் சுத்தம் செய்யவே கூடாது. உப்புத்தாள், எலுமிச்சை, துரு நீக்கும் திரவம் எதுவுமே வேண்டாம். பழைய வகிசாஷி ஒன்றை ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்து காட்டினார். உருவம் 16ஆம் நூற்றாண்டைச் சொன்னது, எஃகும் அதையே சொன்னது. பிடியைக் கழற்றினால் நாகாகோ புதுக் கரண்டி போலப் பளபளத்தது. அவருக்கு முன் வைத்திருந்தவர் உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார். பெயரின் உளித்தடம் பாதி மழுங்கிவிட்டது, அதன் மேல் இருந்த நானூறு வருடமும் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர எந்தக் கைவினைஞராலும் முடியாது.

துருவுக்குப் பிறகு துளைகளை எண்ணுங்கள். முளைத்துளை ஒன்றுக்கு மேல் இருந்தால் வாள் குறுக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. அடி நுனி வட்டமாகச் சீவப்படாமல் நேராக வெட்டியிருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. இரண்டாம் படியில் குறித்து வைத்த முரண்பாடு நினைவிருக்கிறதா? அதற்கு விடை இங்கே இருக்கும். பிறகு அரத்தடங்கள். கொல்லர் கடைசியாக அரம் போட்ட கோடுகள் குறுக்கே நேராகவோ, சாய்ந்தோ, பருந்து இறகு போல இரு பக்கம் விரிந்தோ இருக்கும். ஒவ்வொரு பட்டறைக்கும் தனி வழக்கம் உண்டு.

படி 6: இனி பெயர்

வாளின் நுனியை மேலே வைத்து நாகாகோவைப் பாருங்கள். வாய் இடப்பக்கம் இருக்கும்போது பெயர் உங்களைப் பார்த்தால் அது பெரும்பாலும் கதானா, இடுப்பில் வாய் மேலாகச் செருகியது. வாய் வலப்பக்கம் இருக்கும்போது பெயர் தெரிந்தால் வாய் கீழாகத் தொங்கவிட்ட தாச்சி. இரண்டு வழக்கிலும் பெயர் வெளியே பார்க்கும் பக்கத்தில்தான் வெட்டுவார்கள்.

மறுபக்கத்தில் தேதி இருக்கலாம். எய்ரோகு என்ற சகாப்தத்தின் 8ஆம் ஆண்டு என்று இருந்தால் அது 1565. மாதம் பெரும்பாலும் இரண்டு அல்லது எட்டு என்றே இருக்கும், அது வழக்கமே தவிர உண்மையில் செய்த மாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, உளித்தடத்தின் உள்ளே பாருங்கள். எழுத்துக் குழிக்குள் இருக்கும் துருவும் வெளியே இருக்கும் துருவும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். உள்ளே வெளுத்தோ செம்மையாகவோ இருந்தால், பழைய துருவைக் கிழித்துக்கொண்டு பிற்காலத்தில் வெட்டிய பெயர் அது. பொய்ப்பெயர் வெட்டுவது புதிய பழக்கம் இல்லை, எடோ காலத்திலேயே (1603–1868) மலிந்திருந்தது. கொதெத்சு என்ற பெயரைக் கண்டால் போலி என்றே நினைத்துக்கொள் என்று ஜப்பானிலேயே சொல்வார்கள். கவசம் செய்துகொண்டிருந்து பிறகு வாளுக்கு மாறிய பெரிய கொல்லர் அவர். மசமுனேயின் நீள வாள்களோ ஏறக்குறைய எல்லாமே பெயரில்லாதவை. ஆகவே பெயர் இல்லாதது குறை என்று நினைக்காதீர்கள், பெயர் இருப்பதைச் சான்று என்றும் நினைக்காதீர்கள். உருவமும் எஃகும் துருவும் சொன்னதைப் பெயரும் சொன்னால் நம்பலாம். நான்கில் ஒன்று விலகினால் எப்போதும் நான் கைவிடுவது பெயரைத்தான்.

படி 7: வாங்குவதானால்

1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் வாள்களைச் சோதித்துச் சான்றிதழ் தருகிறது. ஹோசோன், தொகுபெத்சு ஹோசோன், ஜூயோ, தொகுபெத்சு ஜூயோ என்று நான்கு படிநிலை. 1982க்கு முந்தைய பழைய சான்றிதழ்களை மட்டும் நம்பிப் பெரிய பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஜப்பானுக்குள் இருக்கும் ஒவ்வொரு வாளுக்கும் மாகாணக் கல்வி வாரியம் தந்த பதிவுச்சீட்டு வேண்டும். நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகப் பண்பாட்டு முகமையின் அனுமதி தேவை. இரண்டாம் உலகப் போரில் இயந்திரத்தால் செய்த ராணுவ வாள்களைத் திரும்ப ஜப்பானுக்கு அனுப்பாதீர்கள், அவற்றைப் பதிய முடியாது, அழித்துவிடுவார்கள். நீங்கள் வசிக்கும் நாட்டின் ஆயுதச் சட்டத்தையும் வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

பணம் செலவழிப்பதற்கு முன் நல்ல வாள்களை நேரில் பாருங்கள் என்பது என் வேண்டுகோள். தோக்கியோவில் ர்யோகோகுவில் வாள் அருங்காட்சியகம் இருக்கிறது. உஎனோவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் முனேச்சிகா என்ற பழைய கொல்லரின் பிறைநிலா வாள் உண்டு. ஒகயாமா பக்கம் போனால் பிசென் வாள்களுக்குப் பெயர் போன ஒசஃபுனே. அந்த ஊர் இருக்கும் செத்தோஉச்சி நகரம், யமதோரிகே என்ற வாளைப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 2020இல் வாங்கியது. பெயர் பொறிக்காத வாள் அது, தேசியச் செல்வம்.

படி 8: திரும்ப வைப்பது

பழைய எண்ணெயை மெத்தென்ற சுத்தமான துணியால் அடியிலிருந்து நுனி நோக்கி, முதுகுப்பக்கமாகப் பிடித்துத் துடையுங்கள். தட்டித் தூவும் கல்பொடியைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது, கை பழகாதவர்கள் கோடு போட்டுவிடுவார்கள். பிறகு கிராம்பு வாசமுள்ள வாள் எண்ணெயைத் துணியில் இரண்டு சொட்டு விட்டு, படலம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவுக்குத் தடவுங்கள். நாகாகோவுக்கு எண்ணெய் வேண்டாம், துடைத்த விரலில் மிச்சம் இருப்பதே போதும்.

ஹபாகி, பிடி, மூங்கில் முளை என்று கழற்றியதற்கு நேர்மாறான வரிசையில் மாட்டுங்கள். முளை தொளதொளவென்று இருந்தால் புதிதாகச் சீவிக்கொள்ளும் வரை அந்த வாளை உருவாதீர்கள். வாய் மேலே இருக்க, முதுகை உறையின் மரத்தில் சாய்த்து, ஹபாகி மெல்ல இறுகும் வரை உள்ளே விடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்தால் போதும். மழைக்காலமாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.