சாயத்துக்குப் போன துணி எங்கே? தேவைகளைப் படமாக வரையப் பழகும் வழி

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் இடத்தில் பிசினஸ் அனலிஸ்டாக இருக்கிறேன். இது பதினோராவது வருடம். அதற்கு முன்னால் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு எழுதினேன். கம்பெனிக்காரர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்வதைக் கேட்டு, புரோகிராமருக்குப் புரியும்படி கொடுப்பது என் வேலை. ஆரம்பத்தில் எல்லாவற்றையும் எழுதித்தான் கொடுத்தேன். என்னை வரைய வைத்தது ஒரு டி.சி., அதாவது சரக்கோடு போகும் டெலிவரி சலான் என்ற சீட்டு.

ஒரு பனியன் கம்பெனிக்கான மென்பொருளுக்கு 64 பக்கத்தில் தேவை ஆவணம் தயார் செய்திருந்தேன். முதலாளி படித்துக் கையெழுத்தும் போட்டார். அதில் ஒரு வரி: 'சாயப்பட்டறைக்கு அனுப்பிய துணி திரும்பி வந்ததும் டி.சி.யை முடிக்க வேண்டும்.' யாருக்கும் அதில் குறை தெரியவில்லை. மென்பொருள் ஓடத் தொடங்கிய முதல் வாரம், 500 கிலோ போன லாட்டில் 180 கிலோ மட்டும் வந்தது. ஸ்டோர் அண்ணன் 'வந்தது' என்று பதிவு போட்டார். டி.சி. முடிந்துவிட்டது. மீதி 320 கிலோவைத் தேடுவதற்குத் திரையில் இடமே இல்லை. துணி பகுதி பகுதியாகத்தான் வரும் என்பது ஸ்டோரில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த 64 பக்கம் அவர்கள் கைக்குப் போகவே இல்லை. போயிருந்தாலும் லோடு இறக்குகிற நேரத்தில் யாரும் படித்திருக்க முடியாது.

அதனால் இதைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். வேலை தெரிந்தவர் படத்தைப் பார்த்த அரை நிமிடத்தில் 'இது இப்படி இல்லையே' என்று சொல்ல வேண்டும், படம் அதற்காகத்தான். அழகு, முழுமை எல்லாம் அப்புறம்.

முதல் படம் மிகச் சுலபமானது. ஒரு சார்ட் பேப்பரின் நடுவில் வட்டம் போட்டு, செய்யப்போகும் மென்பொருளின் பெயரை எழுதுங்கள். அதனோடு கொடுக்கல் வாங்கல் உள்ள ஒவ்வொருவரையும் சுற்றிலும் கட்டம் போட்டு எழுதுங்கள்: நூல் மில், நிட்டிங், சாயப்பட்டறை, காம்பேக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அழுத்திக் கொடுக்கும் இடம்), பிரின்டிங், பையர் (ஆர்டர் கொடுத்து வாங்குபவர்). இடையில் அம்பு போட்டு, எது போகிறது எது வருகிறது என்று அதன் மேல் எழுதுங்கள். 'டி.சி.', 'பில்', 'லேப் டிப்' (சாயம் போட்டுப் பார்த்த மாதிரித் துண்டு) என்று பொருளின் பெயர் மட்டும் போதும், 'அனுப்புகிறார்' போன்ற வினை வேண்டாம். இதைச் சூழல் படம் என்பார்கள். எல்லோரும் விட்டுவிடும் கட்டம் ஆடிட்டர். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆவது பிரிவுப்படி ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து தர வெளியே அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு. ஆடிட்டருக்கு ஓர் அம்பு போட்டவுடன், ஒவ்வொரு டி.சி.யும் எத்தனை நாளாக வெளியே நிற்கிறது என்று காட்டும் அறிக்கை வேண்டும் என்பது தானாக வந்து விழுந்தது. பேச்சில் யாரும் அதைக் கேட்கவில்லை.

இரண்டாவது படத்தில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும்: யார், எதற்குப் பிறகு, என்ன செய்கிறார்கள் என்ற வேலை ஓட்டப் படம். இப்போது இதற்குப் பொதுவாகப் பயன்படுவது பி.பி.எம்.என். (பிசினஸ் பிராசஸ் மாடல் அண்ட் நொட்டேஷன்) என்ற குறியீட்டு முறை. அதன் 2.0 பதிப்பு 2011இல் வந்தது, 2013இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஆனது. அதில் குறிகள் ஏராளம். பயந்துவிட வேண்டாம், ஆரம்பத்துக்கு ஆறு போதும். மெல்லிய வட்டம் தொடக்கம், தடித்த வட்டம் முடிவு. முனை மழுங்கிய கட்டம் ஒரு வேலை. வைர வடிவம் பாதை பிரியும் இடம்: உள்ளே பெருக்கல் குறி இருந்தால் ஒரு பாதையில்தான் போகும், கூட்டல் குறி இருந்தால் எல்லாப் பாதையிலும் போகும். முழுக்கோட்டு அம்பு வேலையின் வரிசை. விட்டுவிட்டுப் போடும் துண்டுக்கோட்டு அம்பு இரண்டு நிறுவனங்களுக்கு இடையே போகும் செய்தி.

கடைசி இரண்டு அம்புகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் எனக்கு மிகவும் பயன்பட்டது. நீச்சல்குளத் தடங்கள் போல நீளமாகக் கோடு போட்டு, ஒரு தடத்தில் ஸ்டோர், ஒன்றில் மெர்ச்சண்டைசர் (பையரோடு பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்பவர்), ஒன்றில் கட்டிங் என்று பிரிப்போம். நான் சாயப்பட்டறையையும் இன்னொரு தடமாகப் போட்டேன். அது தவறு. சாயப்பட்டறை நம் கம்பெனிக்குள் இல்லை, நம் சொல்லுக்குக் கட்டுப்பட்டதும் இல்லை. அதற்குத் தனிக் குளம் வேண்டும். குளத்துக்குக் குளம் முழுக்கோடு போகக் கூடாது என்பது பி.பி.எம்.என். விதி. துண்டுக்கோடு மட்டும்தான் போகும். நாம் அனுப்பலாம், காத்திருக்கலாம், அவ்வளவுதான். அந்தக் கோட்டை மாற்றிப் போட்டதும் மூன்று கேள்விகள் எழுந்தன. எத்தனை நாள் காத்திருப்பது? பாதிதான் வந்தால்? வராமலே போனால்?

இதைக் கணினியில் வரையாதீர்கள். ஒட்டும் சீட்டு ஒவ்வொன்றிலும் ஒரு வேலையை எழுதி, சுவரில் ஒட்டி, வேலை செய்கிறவர்களைப் பக்கத்தில் நிற்க வையுங்கள். அவர்கள் கையில் பென்சில் கொடுங்கள். 'துணி வந்ததும் நேராகக் கட்டிங்' என்று நான் ஒட்டியிருந்ததைப் பார்த்த ஃபேப்ரிக் இன்சார்ஜ் அண்ணன், "இல்லீங்க அம்மணி, ஷேடு பாக்காம கட்டிங்குக்கு விட்டா வம்பாப் போயிருமுங்க" என்று சொல்லி (ஷேடு என்றால் துணியின் நிறச் சாயல்), சீட்டைப் பிய்த்து இரண்டு அடி தள்ளி ஒட்டினார். நடுவில் ஐந்து புதுச் சீட்டு வந்தது. கணினித் திரையில் காட்டியிருந்தால் அவர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார் என்றே நினைக்கிறேன்.

அடுத்தது நிலைப் படம். இதில் ஆட்களை மறந்துவிட்டு ஒரே ஒரு பொருளின் பின்னால் போக வேண்டும். நான் எடுத்தது ஒரு துணி லாட். கிரேயாக (சாயம் போடாமல்) இருக்கிறது, சாயத்துக்குப் போயிருக்கிறது, பகுதி வந்திருக்கிறது, முழுதும் வந்திருக்கிறது, ஷேடு ஓகே, ரீபிராசஸ் (மறுபடி சாயவேலை), கட்டிங்குக்குத் தயார். ஒவ்வொரு நிலையிலும் விரலை வைத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: இங்கிருந்து வேறு எங்கே போக முடியும்? இங்கேயே மாட்டிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? 'பகுதி வந்திருக்கிறது' என்ற ஒரு கட்டம் அன்று என் படத்தில் இருந்திருந்தால் அந்த 320 கிலோ கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

எந்தத் தகவல் எதோடு சேர்கிறது என்று காட்டும் தரவுப் படம் பலருக்குக் கடினமாகத் தெரியும். பீட்டர் சென் 1976இல் வெளியிட்ட முறை அது. காக்காய்க் கால் குறியில் வரைந்தால் சுலபம்: கோட்டின் முனையில் மூன்று விரல் இருந்தால் 'பல' என்று பொருள். ஒரு டி.சி.க்குப் பல வரவு, அதனால் வரவு பக்கம் காக்காய்க் கால். அதோடு விடாமல் திருப்பிப் போட்டும் கேளுங்கள். ஒரே வரவில் பல டி.சி. துணி வருமா? வரும். ஒரே கலர் என்றால் சாயப்பட்டறையில் இரண்டு டி.சி. துணியைச் சேர்த்துப் போட்டு ஒன்றாக அனுப்பிவிடுவார்கள். ஆக இரண்டு பக்கமும் காக்காய்க் கால். நடுவில் 'எந்த டி.சி.க்கு எத்தனை கிலோ' என்று பிரித்து வைக்க ஒரு கட்டம் தேவை.

வைர வடிவத்துக்குள் அடங்காத முடிவுகளுக்கு முடிவு அட்டவணை: எந்தெந்த நிபந்தனை சேர்ந்தால் என்ன செய்வது என்ற பட்டியல். எங்கள் துணிக்கு மூன்று நிபந்தனைகள்: நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸில் டி65 என்ற பகல் வெளிச்சத்தில் ஷேடு சரியா, ஐரோப்பியக் கடை விளக்கான டிஎல்84இல் சரியா, ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) சரியா. ஆம், இல்லை என்று மூன்றுக்கும் போட்டால் எட்டு வகை வரும். இன்சார்ஜ் அண்ணன் எனக்குச் சொல்லியிருந்தது இரண்டு விதிதான்: எல்லாம் சரியென்றால் கட்டிங், டி65இல் தப்பினால் ரீபிராசஸ். முதல் விதி ஒரு வகைக்கும் இரண்டாவது நான்கு வகைக்கும் பதில் சொல்லிவிடும். மிச்சம் மூன்று காலியாக நின்றன. பகல் வெளிச்சத்தில் சரி, கடை விளக்கில் நிறம் மாறுகிறது, ஜி.எஸ்.எம். சரி, அப்போது என்ன செய்வது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதை மெர்ச்சண்டைசர்தானுங்க பையர்கிட்ட கேக்கோணும்" என்றார். சுவர்ப் படத்தில் மெர்ச்சண்டைசர் தடத்துக்கு ஒரு புது வேலை போனது.

பென்சில் படம் அடிபட்டு நிலைத்த பிறகு கணினிக்கு மாற்றுங்கள். டிரா.ஐஓ, பிபிஎம்என்.ஐஓ இரண்டும் இலவசம், பிரவுசரிலேயே ஓடும். ஒரு படம் ஒரு ஏ4 தாளைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள். தேதியை மூலையில் எழுதுங்கள்.

பழகுவதற்குக் கம்பெனி எதுவும் தேவையில்லை. உங்கள் தெரு டெய்லர் கடை போதும். அளவு கொடுப்பதில் தொடங்கி துணி வாங்குவது வரை ஐந்து படத்தையும் வரைந்து, கொண்டுபோய் டெய்லரிடமே காட்டுங்கள். பென்சிலையும் கொடுங்கள். அளவு பிளவுஸ் கொடுத்தவருக்கும் புதிதாக அளவு எடுத்தவருக்கும் ஓட்டம் எங்கே பிரிகிறது, ஆல்டரேஷனுக்குத் திரும்பி வந்த துணி எந்த நிலையில் நிற்கிறது என்று அவர் சொல்வார்.