ஆனி மாதத்தின் எந்தப் பாதி? அகதிகள், குடியுரிமை பற்றிப் பேசவிருப்பவருக்கு ஒரு வழிகாட்டி

தேர்தல் நெருங்கும்போதும், குடியுரிமைச் சட்டம் பற்றிய செய்தி வெளிவரும்போதும், புதுச்சேரியிலும் கடலூரிலும் கல்லூரி அரங்குகளிலும் தெருமுனைக் கூட்டங்களிலும் இலங்கைத் தமிழ் அகதிகளைப் பற்றி யாராவது பேசுகிறார்கள். பேசுபவர்களில் பெரும்பாலோர் நல்லெண்ணம் உடையவர்கள். ஆயினும் அவர்கள் பேச்சில் உருக்கம் இருக்கும் அளவுக்கு விவரம் இருப்பதில்லை. நானும் அப்படிப் பேசியவன்தான். கடலூரில் ஒரு கருத்தரங்கில், முகாமில் பிறந்த ஒருவருக்குக்கூட இந்தியக் குடியுரிமை கிடையாது என்று நான் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, தன் தாய்மாமன் 1986இல் பிறந்தவர் என்றும் சட்டப்படி அவர் நிலை வேறு என்றும் சொன்னார். அவர் சொன்னது சரி. நான் சொன்னது பிழை. யாருக்காகப் பேசுவதாக நினைத்தேனோ அவர்களுடைய உரிமையையே நான் மேடையில் மறுத்திருந்தேன். அதற்குப் பிறகு, இப்பொருளில் பேசுவதற்கு முன் நான் கைக்கொள்ளும் முறையை, பேசவிருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்களைச் சரிபாருங்கள். நாம் ‘அகதி’ என்று சொல்லும் இடத்தில் இந்தியச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலோ 1967ஆம் ஆண்டின் நெறிமுறையிலோ இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றவில்லை. ஐரோப்பிய நாடுகளில் புகலிடம் கோரி வருபவர் விண்ணப்பிக்கிறார், நேர்காணலுக்குச் செல்கிறார், மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்கிறார். பிரான்சில் இதற்கென்றே ஓர் அலுவலகமும் ஒரு தீர்ப்பாயமும் உள்ளன. இங்கே அப்படி ஓர் ஏற்பாடு சட்டத்தில் இல்லாததால், ஐரோப்பியச் செய்தியில் படித்த ‘புகலிடக் கோரிக்கை நிராகரிப்பு’ போன்ற தொடர்களை முகாம் மக்களைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்தாதீர்கள். அவர்களுடைய கோரிக்கையை ஏற்கவோ நிராகரிக்கவோ யாரும் அவர்களை நேர்காணல் செய்ததே இல்லை.

சட்டத்தில் இருக்கும் சொல் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்பதாகும். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 2ஆம் பிரிவில், 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக இது விளக்கப்பட்டுள்ளது: செல்லத்தக்க கடவுச்சீட்டோ பயண ஆவணமோ இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர், அல்லது ஆவணத்தோடு வந்து காலம் கடந்தும் தங்கிவிட்டவர். மன்னாரிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் உயிர் தப்பப் படகேறியவர்கள் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு வரவில்லை. இராமேசுவரத்தில் இறங்கிய அவர்களை அரசே பதிவுசெய்து, மண்டபம் முகாமில் வைத்து, பின்னர் மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பி, பணக்கொடையும் அரிசியும் வழங்கியது. ஆனாலும் மேற்கண்ட விளக்கத்தின்படி அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகளே. ஆகவே பதிவு வழியாகவோ இயல்புரிமை (நெடுங்காலம் வாழ்ந்ததன் பேரில் கேட்பது) வழியாகவோ குடியுரிமை கேட்கும் கதவு அவர்களுக்கு அடைபட்டுக் கிடக்கிறது. எத்தனை ஆண்டுகள் இங்கு வாழ்ந்தார்கள் என்ற கணக்கு இதில் எடுபடுவதில்லை. முழு விவாதத்தின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து; உங்கள் உரையில் இதற்கு ஐந்து நிமிடமாவது ஒதுக்குங்கள்.

2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம்களை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. அச்சொல்லையே நீங்களும் பயன்படுத்துங்கள். ஆனால் பெயர் மாறியதால் சட்ட நிலை மாறிவிட்டதாகக் கேட்பவர் எண்ணிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தேதி. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3ஆம் தேதிக்கு முன்புவரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பின் பிறந்தவருக்கு, பெற்றோர் இருவரும் குடிமக்களாகவோ, ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவோ இருக்க வேண்டும். இந்த எல்லைகளை ஒரு தாளில் எழுதி, பேசும்போது கையில் வைத்திருங்கள்.

இவ்வெல்லைகள் ஒரு குடும்பத்துக்குள் எப்படி விழுகின்றன என்பதை, புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் அய்யனார் கோயில் இருக்கும் கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் ஒரு பிற்பகலில் நான் பார்த்தேன். 1984இல் வந்த ஒரு தாய், மஞ்சள் பையிலிருந்த தாள்களைப் பாயில் பரப்பினார். மூத்த மகனின் பிறப்புச் சான்றிதழ் மட்டும் அதில் இல்லை; ஒரு மழைக்காலத்தில் குடிசையோடு போய்விட்டது. மகன் எப்போது பிறந்தார் என்று கேட்டேன். “எண்பத்தேழு, ஆனி மாசம், தம்பி. திகதிதான் ஞாபகமில்லை” என்றார். ஜூலை 1 ஆனி மாதத்தின் நடுவில் விழுகிறது. முற்பாதியில் பிறந்திருந்தால் அவர் மகன் இந்தியக் குடிமகன். பிற்பாதி என்றால் அயல்நாட்டவர். பிரசவம் நடந்த ஊரின் பிறப்புப் பதிவேட்டில் தேடிச் சான்று பெற்றபோது ஜூன் கடைசி வாரம் என்று இருந்தது. அவருக்கு அடுத்துப் பிறந்த தம்பி, அதே முகாமில், அதே பெற்றோருக்கு 1990இல் பிறந்தவர். அவர் குடிமகன் அல்லர். 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்த பிள்ளை என்றால் தந்தை குடிமகன் என்பதே போதும்; ஆனால் மூத்தவருக்கு அப்போது வயது பதினேழுதான். அவருக்குத் திருமணம் நடந்ததோ அதற்குப் பிறகு, அதுவும் முகாமில் வளர்ந்த பெண்ணோடு. ஆகவே அவருடைய மகளின் நிலை வழக்கறிஞர்கள் வாதாட வேண்டிய ஒன்றாகிவிட்டது.

எனவே உங்கள் பேச்சைக் கேட்பவர்களில் முகாமைச் சேர்ந்தவர் இருந்தால், 1987 ஜூன் 30 வரை பிறந்தவர்கள் பிறப்புப் பதிவேட்டின் நகலைப் பெற்று வைக்கும்படி தெளிவாகச் சொல்லுங்கள். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டபோது, 2022 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பால் குடியுரிமை தரும் சட்டப்பிரிவைக் காட்டியே அதை வழங்க உத்தரவிட்டது. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். பிறப்பு பதிவாகாமலேயே போயிருந்தால் தமிழ்நாட்டில் கோட்டாட்சியரிடம் மனுச் செய்ய வேண்டியிருக்கும். மருத்துவமனைச் சீட்டு, முகாம் பதிவேட்டில் பெயர் சேர்த்த நாள், பள்ளிச் சேர்க்கை ஆகியவை அதற்குத் துணை நிற்கும்.

முகாமில் உள்ளவர்கள் எல்லோரையும் ஒரே திரளாகப் பேசுவது இன்னொரு பிழை. போருக்குத் தப்பி வந்த வடக்கு, கிழக்குத் தமிழரோடு, மலையகத் தமிழரும் அங்கே கணிசமாக வாழ்கிறார்கள். இவர்களுடைய முன்னோர் இங்கிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை ஏற்றுக்கொள்ள இந்தியா இசைந்தது. ஒப்பந்தப்படி கப்பலில் வந்தவருக்குக் குடியுரிமை. அந்த வரிசை நகர்வதற்குள் கலவரத்துக்கு அஞ்சிப் படகில் வந்த அவருடைய உறவினருக்கு முகாம். இத்தகையவர்கள் தொடுத்த வழக்கில் மதுரைக் கிளை 2019 ஜூனில், அவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றும் மத்திய அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. இவர்கள் புதிதாகக் கேட்பது எதுவுமில்லை. இந்தியா 1964இல் கொடுத்த வாக்கைத்தான் நினைவூட்டுகிறார்கள். 2022 மார்ச் முதல் பொருளாதார நெருக்கடியால் அரிச்சல்முனையில் வந்திறங்கியவர்கள் மூன்றாவது வகை. இனம், மதம், அரசியல் கருத்து போன்றவற்றின் பேரால் துன்புறுத்தப்படுவதையே 1951 உடன்படிக்கை கணக்கில் எடுக்கிறது. பசி அதில் இல்லை. இவர்களுக்காகப் பேசுவதானால் மனிதாபிமானத்தின் அடிப்படையில் பேசுங்கள். மற்ற இரு வகையினரின் சட்ட வாதத்தோடு கலந்தால் மூன்றும் வலுவிழக்கும்.

மறுதரப்பின் வாதத்தை, அவர்களே ஒப்புக்கொள்ளும் வகையில், முழுமையாகச் சொல்லப் பழகுங்கள். 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகியவற்றிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவ மதத்தவரை மட்டும் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையிலிருந்து விலக்கியது. அம்மூன்றும் அரச மதம் கொண்ட நாடுகள், அங்கே சிறுபான்மை மதத்தவர் துன்புறுகிறார்கள், இலங்கையில் நடந்தது இனச் சிக்கல் என்பது அதை ஆதரிப்போர் தரும் விளக்கம். போர் 2009 மே மாதத்தோடு முடிந்துவிட்டது, திரும்பிச் செல்வதே முறை என்றும் சொல்கிறார்கள். நாடு தன் எல்லைக்குள் யார் வருவது என்று தீர்மானிக்கும் உரிமை உடையது என்பதையும் எவரும் மறுக்க முடியாது. இவற்றைச் சொன்ன பிறகு பதில் சொல்லுங்கள்: இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளிக்கிறது, முகாமில் வாழும் பெரும்பாலோர் இந்துக்களும் கிறித்தவர்களும், அப்படியிருக்க அவர்கள் விடுபட்டது ஏன்? திரும்பிச் செல்லுங்கள் என்ற சொல் இலங்கையைக் கண்ணால் கண்டிராத முப்பது வயதுக்காரருக்கு எப்படிப் பொருந்தும்? சட்டம் ‘நுழைந்த வெளிநாட்டவர்’ என்கிறது. இங்கேயே பிறந்தவர் எந்த எல்லையைத் தாண்டி நுழைந்தார்? இந்தக் கடைசிக் கேள்வியைப் போல வலிமையான வாதம் நம் தரப்பில் வேறில்லை என்று நினைக்கிறேன்.

அரைச் செய்திகளையும் திருத்தத் தயங்காதீர்கள், அவை நமக்குச் சாதகமாக இருந்தாலும். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தையொட்டி, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழருக்கு ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. “குடியுரிமை கொடுத்துவிட்டார்கள்” என்று அன்று பலர் கைபேசியில் பகிர்ந்துகொண்டார்கள். வழக்குத் தொடர மாட்டோம் என்பதும் குடிமகனாக ஏற்கிறோம் என்பதும் வேறு வேறு. அதுபோலவே, புதுச்சேரிச் சட்டப்பேரவை 2020 பிப்ரவரியிலும் தமிழ்நாடு சட்டப்பேரவை 2021 செப்டம்பரிலும் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது உண்மை. அத்தீர்மானங்களால் ஒரு முகாம்வாசியின் நிலையும் மாறவில்லை என்பதும் உண்மை.

கேட்பவர்கள் புதுச்சேரிக்காரர்களாக இருந்தால், அவர்கள் வீட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிரெஞ்சிந்தியப் பகுதிகளை ஒப்படைக்கும் 1956ஆம் ஆண்டு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்து வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியர் ஆனார்கள். ஆனால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ளலாம் என்ற விருப்புரிமையும் அளிக்கப்பட்டது. நாம் ‘சொல்தா’ (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்) என்று அழைக்கும் குடும்பங்கள் பல அந்தத் தாளின் வழிவந்தவை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் இங்கிருந்தே பிரெஞ்சு அதிபர் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். குடியுரிமை என்பது இரத்தத்தில் ஓடும் ஒன்றன்று, இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேசி, காலக்கெடு வைத்து, மக்களிடம் விருப்பம் கேட்டு முடிக்கக்கூடிய காரியம் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க என்னால் முடிந்ததில்லை. திரும்பிச் செல்ல விரும்புவோருக்கு வழி, இருக்க விரும்புவோருக்குக் குடியுரிமை என்று முகாம் மக்களிடமும் அப்படிக் கேட்டிருக்கலாம், இன்னும் கேட்கலாம்.

முகாமுக்குச் சென்று விவரம் திரட்டுபவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். அங்குள்ளவர்கள் தமிழ்நாடு காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவின் கண்காணிப்பில் வாழ்பவர்கள். தாள்களைப் படமெடுக்காதீர்கள், பெயரையும் கதவு எண்ணையும் மேடையில் சொல்லாதீர்கள், பிறந்த ஆண்டும் வந்த ஆண்டும் போதும். அவர்களில் யாரேனும் பேச முன்வந்தால், உங்கள் நேரத்தை அவருக்குக் கொடுங்கள்.

கடைசியாக, வேட்பாளரிடம் கேள்வி கேட்கும் வேலை இருக்கிறது. குடியுரிமை மத்தியப் பட்டியலில் உள்ள பொருள். சட்டமன்ற வேட்பாளரிடம் வீடு, உதவித்தொகை, கல்வி பற்றிக் கேளுங்கள். குடியுரிமையைப் பற்றி மக்களவை வேட்பாளரிடம்தான் கேட்க வேண்டும். புதுச்சேரிக்கு ஒரு மக்களவைத் தொகுதிதான் உண்டு. ஆகவே யாரிடம் கேட்பது என்ற குழப்பம் நமக்கு இல்லை. “அகதிகளுக்கு என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால் “துணை நிற்போம்” என்ற பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: “1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்னரோ இந்தியாவில் பிறந்த இலங்கைத் தமிழரைச் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையிலிருந்து நீக்கும் திருத்தம் வந்தால், நீங்கள் ஆதரித்து வாக்களிப்பீர்களா? வராவிட்டால், தனிநபர் மசோதாவாக நீங்களே கொண்டுவருவீர்களா?” ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றை அவர் சொல்லும்வரை உட்காராதீர்கள். கீழ்ப்புத்துப்பட்டு முகாமிலும் கடலூர் மாவட்டத்து அம்பலவாணன்பேட்டை முகாமிலும் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லாததால், இந்தக் கேள்வியை அவர்களுக்காக வாக்குள்ள ஒருவர்தான் கேட்க முடியும். கிடைத்த பதிலைத் தேதியோடு எழுதி எடுத்துச் சென்று முகாமில் படித்துக் காட்டுங்கள்.