பெரிய டயருக்கு எந்த ஆக்ஸில்? ஏற்காடு ஏறும் வண்டிகளுக்கான செய்முறை

சேலத்தில் ஜீப், ஜிப்ஸி, தார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் ஒரே வரிசையில்தான் செலவு செய்கிறார்கள். முதலில் பெரிய டயர், அதற்கு இடம் வேண்டி வண்டியை உயர்த்தும் லிஃப்ட், அப்புறம் எஸ்டேட் பாதையில் ஏதாவது உடைந்தபின் ஆக்ஸில், அதாவது சக்கரங்களைச் சுழற்றும் அச்சு. இதைத் திருப்பிப் போட்டால் பணம் மிச்சம். டயர் அளவைப் பேப்பரில் முடிவு செய்து, கணக்குப் போட்டுவிட்டு, கடைசியில் கடைக்குப் போகலாம்.

அதற்கு முன் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. எனவே கீழே சொல்லும் பெரிய மாற்றங்கள் தனியார் எஸ்டேட்டுக்குள்ளும் போட்டிக் களத்திலும் ஓடும் வண்டிக்குத்தான். கழற்றிய பழைய பாகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

படி 1: டயரின் உயரம்

ஜிப்ஸியை எடுத்துக்கொள்வோம். கம்பெனி டயர் 205/70 ஆர்15. பக்கச் சுவர் 205-இல் 70 சதவீதம், அதாவது 143.5 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 287. ரிம் 15 அங்குலம், 381 மி.மீ. மொத்தம் 668. இதற்குப் பதில் 30 அங்குல டயர் போட்டால் 762 மி.மீ. இரண்டையும் வகுத்தால் 1.14. இந்த எண்ணை எழுதி வையுங்கள், எல்லாக் கணக்கும் இதில்தான் நிற்கிறது.

என்னைக் கேட்டால், சேர்வராயன் மலையின் செம்மண் பாதைகளுக்கு ஜிப்ஸியில் 30 அங்குலமே தாராளம். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போக வேண்டியதுதான்.

படி 2: இப்போதைய ரேஷியோ

சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற, இன்ஜின் பக்கமிருந்து ஆக்ஸிலுக்கு வரும் தண்டான புரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதுதான் ரேஷியோ. ஆக்ஸிலைப் பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம். சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விடுவிப்பு. டயரிலும் புரொபெல்லர் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, டயரைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள் (மறுசக்கரம் நிற்பதால்தான் இரண்டு). ஷாஃப்ட் எத்தனை சுற்று வந்ததோ அதுதான் ரேஷியோ. லாக்கர் (இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் பூட்டு) இல்லாத ஆக்ஸிலுக்கு மட்டுமே இந்த வழி.

ஐந்து சுற்றும் கொஞ்சமும் வந்தால் துல்லியம் போதாது. ஆக்ஸில் கவரைத் திறக்கும்போது, உள்ளே உள்ள பெரிய பல்சக்கரமான கிரவுனிலும் அதைச் சுழற்றும் சிறிய பினியனிலும் பல்லை எண்ணிவிடுங்கள். உதாரணத்துக்கு, கிரவுனில் 41, பினியனில் 8 என்றால் 5.125. அதை 1.14 ஆல் பெருக்கினால் 5.84. பழைய இழுவை திரும்ப வேண்டுமென்றால் இந்த அளவுக்குப் பக்கத்தில் கிரவுன் பினியன் தேட வேண்டும். கிடைக்காவிட்டால், ஜிப்ஸி போலத் தனி டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பெட்டி) உள்ள வண்டியில் அதன் கியர்களை மாற்றி இதே பலனைப் பெறலாம்.

ஒன்று முக்கியம்: முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே ரேஷியோவில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் காலி.

படி 3: இறக்கத்துக்கும் கணக்குப் போடுங்கள்

ஏறும்போது இழுக்கவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். ஆபத்து இறங்கும்போதுதான். ஏற்காட்டிலிருந்து சேலம் வரும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ரேஷியோ மாற்றாமல் 30 அங்குலம் போட்ட வண்டியில், முன்பு இரண்டாம் கியரில் 2,500 ஆர்பிஎம்மில் இன்ஜின் பிடித்து நிறுத்திய அதே வேகத்தில் இப்போது 2,190 தான் இருக்கும். பிடிப்பு குறையும், கால் பிரேக்குக்கே போகும், டிரம் சூடேறும். போதாததற்கு, டயர் உயர்ந்த அளவுக்குப் பிரேக்கின் பலமும் தரையில் 12 சதவீதம் குறைந்திருக்கும். கிரவுன் பினியன் மாற்றினால் இன்ஜின் பிடிப்பு திரும்பும், பிரேக் பலம் திரும்பாது. ஆகவே ஆக்ஸில் ஷாஃப்ட்டுக்கு முன்னால் பிரேக்குக்குப் பணம் ஒதுக்குங்கள்.

படி 4: ஆக்ஸிலுக்குள் சக்கரத்தைத் திருப்பும் ஷாஃப்ட்

இறுகிய போல்ட்டைக் கழற்ற ஸ்பேனரில் பைப் மாட்டி நீட்டுவோமே, பெரிய டயர் ஷாஃப்ட்டுக்குச் செய்வதும் அதுதான். காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் சட்டென்று பாறையைப் பிடிக்கும்போதுதான் பெரும்பாலும் முறியும். லாக்கர் போட்டிருந்தால் மொத்த முறுக்கமும் ஒரே ஷாஃப்ட்டில் இறங்கலாம். முன்பக்கம் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஷாஃப்ட்டுக்கு முன் ஜாயின்ட் போய்விடும்.

புது ஷாஃப்ட் போடும்போது ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை பெயின்டால் நேர்கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். அடுத்த முறை வெளியே எடுக்கும்போது கோடு சுருள ஆரம்பித்திருந்தால் அந்த ஷாஃப்ட்டின் ஆயுள் முடிந்தது. பல்வரிசை முறுக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 30 மி.மீ. ஷாஃப்ட் 33 ஆனால் பலம் 33 சதவீதம் கூடும். விட்டத்தை மாற்ற இடமில்லையென்றால் உலோகத்தை மாற்றலாம். லேத் பட்டறைகளில் இஎன்24 என்ற உறுதியான எஃகைக் கேட்டால் தெரியும். ஆனால் ஹீட் ட்ரீட்மென்ட் யார் செய்கிறார்கள் என்று விசாரிக்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். பதமில்லாத இஎன்24 வெறும் விலை உயர்ந்த கம்பி.

படி 5: முழு ஆக்ஸிலும் மாற்றுவதானால்

செமி ஃப்ளோட்டிங்கா, ஃபுல் ஃப்ளோட்டிங்கா என்று முதலில் பாருங்கள். முன்னதில் வண்டியின் எடையையும் ஷாஃப்ட்டே சுமக்கும், முறிந்தால் சக்கரமே கழன்று வரலாம். பின்னதில் எடையை ஹவுசிங் (ஆக்ஸிலின் வெளிக்கூடு) தாங்கும், ஷாஃப்ட் திருப்புவதற்கு மட்டும். கொண்டலாம்பட்டிப் பக்கம் நிற்கும் எந்த லாரியின் பின் ஹப்பையும் பாருங்கள். நடுவில் வட்டமாக போல்ட்டுகள் இருக்கும். அவற்றைக் கழற்றினால் சக்கரம் நின்றபடியே ஷாஃப்ட்டை உருவலாம். கனமான வண்டிக்கும் 33 அங்குலத்துக்கு மேற்பட்ட டயருக்கும் நான் இதையே தேர்ந்தெடுப்பேன். ஜிப்ஸிக்கு வீண் கனம்.

பழைய மார்க்கெட்டில் ஹவுசிங் வாங்கினால் டேப்போடு போங்கள். சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து மறுமுகம் வரை அகலம், ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடைவெளி, வீல் போல்ட் வட்டம் (ஜிப்ஸிக்கு 5 போல்ட், 139.7 மி.மீ.), பினியன் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்பது. இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் வெல்டிங் செலவு ஆக்ஸில் விலையைத் தாண்டிவிடும்.

படி 6: பொருத்துவது

கிரவுன் பினியன் செட்டிங் வீட்டு வாசலில் செய்யும் வேலையல்ல. டயல் கேஜ் (நுண்ணிய இடைவெளியை அளக்கும் கருவி) இல்லாத பட்டறையில் கொடுக்காதீர்கள். பேக்லாஷ், அதாவது பல்லுக்குப் பல் இருக்கும் இடைவெளி, பொதுவாக 0.15 முதல் 0.25 மி.மீ.க்குள் வரும், உங்கள் ஆக்ஸிலுக்கான அளவை மேனுவலில் பாருங்கள். பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றினால் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றச் சொல்லுங்கள், பரவாயில்லை என்று கிளம்பாதீர்கள்.

புதுப் பல்லை வைத்துக்கொண்டு நேராக மலை ஏறக் கூடாது. முதலில் சமதளத்தில் 25 கி.மீ. போல நிதானமாக ஓட்டி, முழுக்க ஆற விட்டு, மறுபடி ஓட்டுங்கள். 800 கி.மீ.யில் கியர் ஆயிலை இறக்கிப் பாருங்கள். காந்த போல்ட்டில் நைஸான சாம்பல் நிறப் பசை இருந்தால் இயல்புதான். நகக்கண்ணில் குத்தும் துண்டு கிடைத்தால் கவரைத் திறந்தாக வேண்டும்.